இரவல் தங்கச்சி

ஒருவர் வாயிலிருந்து நேரில் கேட்டு எழுதிய சொல், வேறொருவருடைய ஆய்வேட்டில் ஏற்கெனவே வரி பிசகாமல் இருந்தால் அது யாருடைய சொல்? எழுதியவள் திருடியவளா? மாரிச்செல்வியின் முப்பத்தோராவது வயதில் இந்தக் கேள்வி அவள் முன் வந்து நின்றது. அதற்கு அவள் பதில் கண்டுபிடித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியோடு நேர்மையாக நடந்துகொண்டாள் என்று சொல்லலாம். அதையும் கடைசிவரை சொல்ல முடியுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

கமுதிக்குத் தெற்கே மிளகாயும் பருத்தியும் போடுகிற ஊர் ஒன்றில் பிறந்தவள். அவளுடைய அய்யா பாண்டித்துரைக்கு இரண்டு ஏக்கர் மிளகாய்க் கொல்லை. பிள்ளை கல்லூரியில் என்ன படிக்கிறது என்று யாராவது கேட்டால், "தமிழ்தான். வீட்ல பேசுறதுக்கு மேல அதுல என்ன இருக்குன்னு தெரியல, இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கு" என்பார்.

படிப்பில் அவள் சூட்டிகை என்று யாரும் சொன்னதில்லை. அவள் எழுத்தில் தனி அழகு கிடையாது. வாக்கியங்கள் வறண்ட மண் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் அவர் பெயரைச் சொல்லாமல் அதைத் திருப்பிச் சொல்ல மாட்டாள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய ஒரு கிண்டலைக்கூட, "இது போன வாரம் கலா சொன்னது" என்று சேர்த்துத்தான் சொல்வாள். அதற்குள் சிரிப்பு போய்விடும். தோழிகள் அவளுக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர் வைத்தார்கள். "ஏ அடிக்குறிப்பு, இங்கன வா. இந்தச் சாம்பார் யாரோட மேற்கோள்?" என்று கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து, அங்கேயே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். வழிகாட்டி பேராசிரியர் பிரபாகரன். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களின் வாய்மொழி வாழ்க்கைக் கதைகள் என்பது தலைப்பு. தலைப்பைக் கொடுத்தவரும் அவர்தான். அந்தத் துறையில் அந்தக் கடற்கரையைப் பற்றி முன்பே நான்கைந்து ஆய்வேடுகள் வந்திருந்தன. வழி தெரிந்த இடம், பழகிய ஆட்கள், மறுக்காமல் பேசுவார்கள் என்பது அவர் கணக்கு.

பேசவும் செய்தார்கள். வெயில் தாழ்ந்த பிறகு, எடுத்து வந்த பாசியை மணலில் பரப்பிக்கொண்டே பேசுவார்கள். பாறையில் கிழிபடாமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே பேசுவார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட முங்குகண்ணாடி. மாரிச்செல்வி கைபேசியில் பதிவு செய்து, விடுதிக்குத் திரும்பி, ஒரு 'ம்' விடாமல் தட்டச்சு செய்தாள். நாற்பது பெண்கள். அவர்களில் ஏழு பேர் தங்கள் தங்கச்சியைக் கடலில் பறிகொடுத்தவர்கள். அலை வந்து எடுத்துக்கொண்டு போனதைச் சொல்லும்போது ஏழு பேரும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள், ஒரே இடத்தில் மூக்கைச் சிந்தினார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவள் இல்லை அவள். வானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்குக் கடல் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று பட்டது. பாசி எடுக்கும் குடும்பங்களில் உடன்பிறந்தவரை இழந்தோர் நூற்றுக்கு இத்தனை பேர் என்று ஓர் அட்டவணையும் போட்டாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், நூலகத்தில் ஒப்புமைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். கணினி, ஏற்கெனவே வலையேறிய ஆய்வேடுகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று சொல்லும். பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் சான்றிதழ். மாரிச்செல்விக்கு முப்பத்தெட்டு வந்தது. கடலில் பறிகொடுத்த கதைகளைச் சொல்லும் நான்காம் இயல் முழுக்கச் சிவப்பாக இருந்தது. பெண்களின் பேச்சு இருந்த இடமெல்லாம் சிவப்பு. பெரும்பகுதி, பதினோரு ஆண்டுகளுக்கு முன் சூஃபியா என்ற கீழக்கரைப் பெண் எழுதிய ஆய்வேட்டோடு ஒத்துப்போனது.

அந்த ஆய்வேட்டை அவள் படித்திருந்தாளா? முதல் இயலையும் முடிவுரையையும் படித்திருந்தாள். களப்பேட்டிகளைப் படிக்கவில்லை. நேரில் போய்க் கேட்கும் முன் மற்றவர் கேட்டதைப் படித்தால் தன் காது கெட்டுப்போகும் என்று நினைத்தாள். சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தவற்றை அவளைப் போல் அளவுக்கு மீறிக் கவனமாக இருப்பவர்கள்தான் செய்வார்கள்.

நிலைமை எளிதானதல்ல. பதிவுக் காலத்தை இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. அந்த மாதத்துக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு ஆண்டு வேலை வீண். கல்லூரியில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. பட்டம் இருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும்.

பிரபாகரன் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ காப்பி அடிக்கிற ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா மெஷினுக்குத் தெரியாது. 'எடுத்துக்கிட்டுப் போயிருச்சு'ன்னு இருக்கா? 'அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு'ன்னு மாத்து. வரியை முன்ன பின்ன போடு. ரெண்டு நாள் வேலை. பத்துக்குள்ள வந்துரும்."

"அது அவங்க பேசினது சார். நான் மாத்தினா அவங்க சொல்லாததச் சொன்னதா ஆகும்."

"எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"எல்லாரும் எப்படி சார் ஒரே மாதிரி பேசியிருப்பாங்க?"

"அத என்கிட்ட கேட்டா? பாம்பனுக்குப் போய்க் கேளு."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் மறுநாள் காலையில் அவள் பாம்பனுக்குப் பேருந்து ஏறினாள்.

பெண்கள் அன்று கடலுக்குப் போகவில்லை. உமையாள் என்பவள் பாசி மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தாள். ஏழு பேரில் ஒருத்தி. எதையும் பூசி மெழுகத் தெரியாதவள். மாரிச்செல்வி தான் தட்டச்சு செய்த பேட்டியையும் சூஃபியாவின் ஆய்வேட்டுப் பக்கத்தையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டினாள். உமையாள் கேட்டுவிட்டு, ஊசியை மூட்டையில் குத்தி நிறுத்தினாள்.

"நல்லாத்தானே இருக்கு?"

"அக்கா, ரெண்டும் ஒண்ணா இருக்கு."

"பின்ன? எல்லாருக்கும் அதத்தான் சொல்லுவோம். ஆளாளுக்கு ஒண்ணு சொல்லவா முடியும்? வருசத்துக்கு ரெண்டு பேரு வாரீக."

"உங்க தங்கச்சி..."

"எனக்கு ஏது புள்ள தங்கச்சி? நாலும் அண்ணன்மாரு. நாலும் கரையில குத்துக்கல்லு மாதிரி இருக்கானுக."

மாரிச்செல்வி கையிலிருந்த பேட்டியை மறுபடி புரட்டினாள்.

"நீ என்ன கேட்ட? 'உங்க வாழ்க்கையில மறக்க முடியாத துக்கம் என்ன'ன்னு கேட்ட. எனக்கு அப்பிடி ஒண்ணும் இல்லன்னா மூஞ்சி தொங்கிப்போகுது உங்களுக்கு. ஒரு புள்ள அழுதே போச்சு, எதுவும் கிடைக்கலன்னு. அதான் சோணையோட தங்கச்சிய இரவல் வாங்கிக்கிட்டேன். இவளுகளும் அப்பிடித்தான்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏண்டி, நீ கூட அந்தத் தடவ ரெண்டு தங்கச்சின்னு சொல்லிப்புட்டியே!" என்று ஒருத்தியைப் பார்த்துக் கேட்டாள். சிரிப்பு இன்னும் கூடியது.

மாரிச்செல்வியும் சிரித்தாள் என்று உமையாள் பிறகு சொன்னாள். "சிரிச்சுச்சு. ஆனா கண்ணுல தண்ணி நின்னுச்சு. அட்டவண, அட்டவணன்னு என்னமோ சொல்லுச்சு."

உண்மையில் தங்கச்சியை இழந்தவள் சோணையம்மாள் ஒருத்திதான். நாற்பத்தைந்து வயது இருக்கும். படகில் போகும் பெண்களைச் சேர்ப்பது, வியாபாரியிடம் விலை பேசுவது எல்லாம் அவள் பொறுப்பு. நயமாகப் பேச நேரம் இல்லாதவள். அவள்தான் தொடக்கத்தைச் சொன்னாள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் சூஃபியா களப்பேட்டிக்கு வந்தபோது, தங்கச்சி இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சோணையம்மாள் அழுதுகொண்டே ஏதேதோ சொன்னாள். சூஃபியா அதை எழுதி, அடுத்த முறை வந்தபோது எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினாள். மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் அந்தச் சொற்களிலேயே சொன்னார்கள்.

"நம்ம சொன்னத விட நல்லா இருந்துச்சு. சொல்லச் சொல்லத் தேஞ்சு வழுவழுன்னு ஆயிருச்சு. அதச் சொன்னா எனக்கு ஒண்ணும் செய்யாது. புதுசாச் சொன்னா ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. அப்புறம் யாரு கடலுக்குப் போறது?"

மாரிச்செல்வி அங்கிருந்தே சூஃபியாவுக்குப் பேசினாள். சூஃபியா கணவரோடு ஷார்ஜாவில் இருந்தாள். படிப்பை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும், "யா அல்லாஹ், இன்னுமா அதையே சொல்றாங்க!" என்றாள்.

"நீங்க அவங்க சொன்னத அப்படியே எழுதினீங்களாக்கா?"

"அழுதுக்கிட்டே சொன்னாங்கம்மா. துண்டு துண்டா இருந்துச்சு. நான் ஒழுங்குபடுத்தினேன். 'அவ முடி மட்டும் கொஞ்ச நேரம் தண்ணிக்கு மேல தெரிஞ்சுச்சு'ன்னு ஒரு வரி வருமே, அது நான் போட்டதா அவங்க சொன்னதான்னு எனக்கே இப்ப தெரியல. அந்த வரிக்குத்தான் வைவா தேர்வுல என்னைப் பாராட்டினாங்க."

ஏழு பெண்களும் அந்த வரியில்தான் மூக்கைச் சிந்துவார்கள்.

இதைத் திருட்டு என்று சொல்லலாமா என்று யோசித்துப் பார்க்கிறேன். சூஃபியா ஒருத்தியின் துக்கத்தை எடுத்து மெருகேற்றினாள். மெருகேறிய துக்கத்தை அதன் சொந்தக்காரியே இரவல் வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்து மற்றவர்கள் வாங்கினார்கள். வந்த மாணவர்கள் எல்லோரும் அதை நேரில் கேட்டு, நேர்மையாக எழுதி, தத்தம் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். நடந்த காரியம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய குற்றம் என்று எதையும் காட்ட முடியாது. ஆனாலும் செத்துப்போன பெண் ஒருத்தி இருந்தாள், அவள் எப்படிச் செத்தாள் என்பது எந்த ஆய்வேட்டிலும் இல்லை. சிறிய பொய்கள் சேர்ந்து பெரிய பொய் ஆகின்றன என்று சொன்னால் அது எளிதான பேச்சு. இங்கே சிறியதாகக்கூட யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். சோணையம்மாளும் மாரிச்செல்வியும் காய்ந்த பாசியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் உட்கார்ந்து சோறு தின்ற உமையாளுக்கு முதலில் பேசியது மட்டும் காதில் விழுந்தது.

"முடி தெரிஞ்சுச்சான்னா கேக்குற? நான் பாக்கவே இல்ல புள்ள. அந்தப் புள்ள வாசிச்சப்ப பாத்த மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

"அப்ப அலை..."

"அலையும் இல்ல."

அதற்குப் பிறகு சோணையம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வெகுநேரம் பேசினாள். கைபேசி மாரிச்செல்வியின் பைக்குள் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பேசி முடித்ததும் சோணையம்மாள் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, உமையாளுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"இது யாருக்கும் சொன்னதில்ல. நீதான் இம்புட்டுத் தூரம் திரும்பி வந்து கேட்ட. உன் படிப்புக்கு ஆகுமுன்னா எழுதிக்க. என் பேரையே போட்டு எழுதிக்க."

ராமநாதபுரம் திரும்பியதும் மாரிச்செல்வி நான்காம் இயலைக் கலைத்தாள். அட்டவணையை நீக்கினாள். பெண்கள் ஒப்பிக்கிற கதையை முழுமையாக ஒரே ஒரு முறை எடுத்துக் காட்டி, அதன் முதல் எழுத்து வடிவம் சூஃபியாவுடையது என்று அடியில் குறித்தாள். தான் கேட்ட ஏழு கதைகளில் ஆறு இரவல் கதைகள் என்றும், அதை அறியாமல் தான் கணக்குப் போட்டதாகவும் எழுதினாள். பெண்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை அவர்கள் சொன்ன காரணத்தோடு எழுதினாள். ஒப்புமை ஏழு விழுக்காட்டுக்கு வந்தது.

பிரபாகரனுக்கு அது பிடிக்கவில்லை.

"உன்னை நீயே காட்டிக்கொடுக்கிற. அது உன் பாடு. ஆனா பதினோரு வருஷமா இந்தத் துறையில இருந்து போன ஆய்வெல்லாம் ஒரே ஆள் எழுதின வசனம்னு ஆகுதே. அதுல மூணுக்கு நான்தான் வழிகாட்டி."

"உங்க பேரை எங்கயும் எழுதல சார்."

"எழுதணுமா? படிக்கிறவனுக்குத் தெரியாதா?" பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போடாமல் இருந்திருக்கலாம், போட்டார். "ஆனா ஒண்ணு. நீ இருக்கிறத எல்லாம் இடிச்சுட்ட. கட்டினது என்ன? உனக்குன்னு ஒரு பேட்டி வேணும்மா. புறத்தேர்வாளர் அதத்தான் கேப்பாரு."

மாத முடிவில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். வாய்மொழித் தேர்வு ஏழெட்டு மாதம் கழித்து நடந்தது. பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பாண்டித்துரை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சோணையம்மாளும் உமையாளும் பாம்பனிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மாரிச்செல்வி அழைத்துத்தான் வந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதியதை அவர்கள் முன்னால் பேச வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். பேசத் தொடங்கும்போது மைக்கில் அவர்கள் பெயரைச் சொல்லி நன்றி சொன்னாள்.

புறத்தேர்வாளர் வெளியூர்ப் பேராசிரியர். கண்டிப்பானவர், ஆனால் ஆய்வேட்டை உண்மையாகவே படித்திருந்தார். நான்காம் இயலை நெடுநேரம் பேசினார். இத்தனை ஆண்டுகளில் இந்தத் துறையில் தான் படித்தவற்றில் இது துணிச்சலான இயல் என்றார். பிறகு ஆய்வேட்டை மூடி வைத்தார்.

"ஆனா ஒரு பெரிய குறை இருக்கு. இவங்க ஒப்பிக்கிறாங்கன்னு சொல்றீங்க. ஒப்பிக்காதபோது எப்படிப் பேசுவாங்க? அதுக்கு ஒரு சான்றுகூட இந்த இயல்ல இல்ல. அது இல்லாம இது வெறும் குற்றச்சாட்டு. ஒரே ஒரு பேட்டி, அந்த வாய்பாட்டுக்கு வெளியில இருந்து ஒருத்தர் சொன்னது இருந்தா இந்த இயல் நிக்கும். சேத்துக்கச் சொல்லி இன்னிக்கே பரிந்துரை பண்ணுவேன். இல்லன்னா இயலை எடுத்துட்டு மறுபடி எழுதித்தான் சமர்ப்பிக்கணும். சொல்லுங்க, உங்ககிட்ட யாராவது அப்படிச் சொன்னாங்களா?"

சொன்னால் அதுவும் ஆய்வேட்டில் ஏறும், அடுத்துப் பாம்பனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதை வாசிப்பார்கள். நிரந்தர இடத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அடுத்த வாரம். பிரபாகரன் அவளைப் பார்த்தார். அவள் ஒரு முறை கடைசி வரிசையைப் பார்த்தாள். சோணையம்மாள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். சொல்லு என்பது போல.

"இல்லைங்க ஐயா" என்றாள் மாரிச்செல்வி. "யாரும் சொல்லல."

புறத்தேர்வாளர் அறிக்கையில் எழுதத் தொடங்கினார். இயலை நீக்கி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு மெலிந்த ஓர் ஆய்வேட்டுக்கு அவளுக்குப் பட்டம் கிடைத்தது. அதற்குள் அந்த இடத்துக்கு வினோத்குமார் என்பவர் வந்து சேர்ந்திருந்தார்.

தேர்வு முடிந்த அன்று, இரண்டு பெண்களையும் வழியனுப்ப அவள் பேருந்து நிலையம் வரை வந்தாள். உமையாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னா இருந்தாலும் மைக்குல எங்க பேரச் சொன்னியே, அது போதும்" என்றாள். ராமேஸ்வரம் பேருந்து திரும்பி வந்து நின்ற பிறகுதான் சோணையம்மாள் கேட்டாள்.

"எழுதிக்கன்னுதானே சொன்னேன்? என் பேரையும்தானே போடச் சொன்னேன்? அந்த ஆளு கேட்டப்பயும் தலைய ஆட்டினேனே, பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்க்கா."

"பின்ன எதுக்கு இல்லன்னு சொன்ன?"

மாரிச்செல்வி அவளுடைய பையை வாங்கிப் படியில் வைத்தாள்.

"ஏறுங்கக்கா" என்றாள். "உக்கார எடம் இருக்கு."